கல்வீடும் காணியுறுதியும்

யாழ்ப்பாண நகரின் தென்கிழக்கு ஓரத்தில், கடனீரேரியை நோக்கி அமைந்த கொழும்புத்துறையை, யோகர் சுவாமிகள் வாழ்ந்த ஊராகத் தமிழுலகம் அறியும். சிறு குடிலொன்றில் வாழ்ந்த அவர் 1964 இல் மறைந்தார். துறவிக்குக் குடில் போதும். ஆனால், இல்லறம் நாடும் இளைஞனுக்கு அவ்வூரில் இன்று ஒரு குடிலுக்கேனும் நிலம் கிட்டுமா? தகப்பன் கட்டிய வீட்டைப் போன்ற ஒன்றை மகனால் ஏன் கட்ட இயலவில்லை? ‘இக்காலத்துப் பிள்ளைகளுக்குச் சிக்கனம் தெரியாது’ என்று பெரியோர் கூறிவிடுகின்றனர். வரலாறு கூறும் விடை வேறு.

சனம் பெருகிற்று, நிலம் பெருகவில்லை என்று வாதிப்போரும் உளர். கணக்கு அவர்களுக்குச் சாட்சி சொல்லவில்லை. கிளிநொச்சி நீங்கலான யாழ்ப்பாண மாவட்டத்தில் 1981 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி ஏறத்தாழ 7 இலட்சத்து 38 ஆயிரம் மக்கள் வாழ்ந்தனர். 2012 இல் எஞ்சியோர் ஏறத்தாழ 5 இலட்சத்து 83 ஆயிரம் பேரே. ஐந்திலொரு பங்கு மக்கள் குறைந்த மண்ணில் காணி விலை ஏறியது எங்ஙனம்?

முதலில், முன்னோர் வீடு பெற்ற வகையைக் காண்போம். 1707 இல் ஒல்லாந்தர் ஆட்சியில் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, 1806 இல் ஆங்கிலேயர் உறுதிப்படுத்திய தேசவழமை, ஆதனத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என மூன்றாக வகுத்தது. முதுசம் மகனுக்கு, சீதனம் மகளுக்கு. பெரும்பாலோர் வீட்டுக்குரியோரானது பிறப்பாலும் திருமணத்தாலுமே. உழைப்பின் கூலியால் அன்று.

தேடியதேட்டத்துக்குப் பெருவழி திறந்தது மலாயாவில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் அங்கே றெயில்வேயிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் எழுதுவினைஞராய் உழைத்தோர் அனுப்பிய பணத்திலும், பின்னர் பெற்ற ஓய்வூதியத்திலும் யாழ்ப்பாணத்து ஊர்களில் மண்வீடுகள் கல்வீடுகளாயின. அப்போதும், தங்கையரின் சீதன வீடு எழும்பிய பின்னரே தமையனின் முறை வந்தது.

இந்தப் பெருமிதக் கதையில் இடம்பெறாத மக்களும் உளர். அதே தேசவழமை அடிமைகளையும் உடைமையாகக் கருதி விதி வகுத்தது. 1844 இல் அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது. ஆனால் விடுதலை பெற்றோருக்கு நிலம் வழங்கப்படவில்லை. ஒடுக்கப்பட்ட சாதி மக்களுட் பலர் தலைமுறை தலைமுறையாகப் பிறர் காணியிலே கொட்டில் கட்டி, சொந்தக்காரனின் தயவில் வாழ்ந்தனர். இன்று நடுத்தர வகுப்பின் இளைஞன் முதன்முறையாகச் சந்திக்கும் நிலமின்மை, அவர்களுக்கு மரபுரிமை!

நடுத்தர வகுப்புக்கு அது எவ்வாறு வந்தது? 16 பரப்பு ஓர் ஏக்கர். எட்டுப் பரப்பு வைத்திருந்த பாட்டனின் காணியை நான்கு மக்களும், பின்னர் அவர்களுக்கு இவ்விரண்டாகப் பிறந்த பேரரும் சமமாகப் பகிர்ந்தால், ஆளுக்கு ஒரு பரப்பே மிஞ்சும். பங்கு சிறுத்துப் போனவன் காணியை விலைக்கு வாங்கியாக வேண்டும்.

ஆனால் சந்தையில் அவனுடைய ஊதியத்துக்கு மதிப்பில்லை. 1983 ஆடிக் கலவரத்துக்குப் பின் இலட்சக்கணக்கானோர் கடல் கடந்தனர். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே இடம்பெயர்ந்து வெறுமையாயிற்று. போர் 2009 இல் முடிந்தபின், பவுணிலும் டொலரிலும் ஈட்டியவரும், ரூபாவில் ஈட்டும் ஆசிரியரும் ஒரே காணிக்கு விலை பேசும் நிலை உருவாயிற்று. ஒருபுறம் பூட்டிய வீடுகள். மறுபுறம் வாடகை அறைகளில் இளங்குடும்பங்கள். புலம்பெயர்ந்தவரைக் குறைகூறுதல் நியாயமன்று, அவரும் துரத்தப்பட்டவரே. நிலத்தை வாழ்விடமாகக் கருதாது சரக்காக்கிய ஏற்பாடே குற்றவாளி.

2022 இன் பொருளாதாரச் சரிவு இத்துன்பத்தை முற்றச் செய்தது. ஒரு டொலர் சில மாதங்களிலேயே ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவாயிற்று. அவ்வாண்டு யூலையில் மத்திய வங்கியின் கடன் வட்டி வீதம் 15.5 ஐ எட்டியது. சீமெந்தும் கம்பியும் எட்டாப் பொருள்களாயின. போருக்குப் பின் இந்திய உதவியில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா வழங்கிய திட்டம் பலருக்குக் கூரை தந்தது உண்மையே. எனினும் அந்த வீட்டை எழுப்பவும் முதலில் ஒரு துண்டுக் காணி வேண்டுமன்றோ?

மாற்றுவழி அறியாத நாடன்று இது. 1973 இன் முதலாம் இலக்கச் சட்டம், கம்யூனிஸ்ட் தலைவர் பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சராயிருந்த காலத்தில், ஒருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளுக்கு உச்சவரம்பு விதித்தது. மிகுதி வீடுகளிற் குடியிருந்தோர் அவற்றுக்கு உரியோராக வழி திறந்தது. அவ்வழியில் நாடு நெடுந்தூரம் செல்லவில்லை. ஆயினும், வீட்டுடைமை இயற்கையின் நியதியன்று, மனிதர் இயற்றும் சட்டமே என்பதை அது காட்டிற்று.

ஆகவே, சிக்கனம் போதிக்கும் பெரியோரே! உங்கள் கல்வீட்டின் அத்திவாரத்தில் முதுசமும் சீதனமும் மலாயாப் பணமும் கிடக்கின்றன. அவை எவையுமின்றி, மாதச் சம்பளத்தை மட்டும் நம்பி நிற்கும் தலைமுறையை நோக்கி, ‘நாங்கள் கட்டினோமே!’ என்று சொல்வது வரலாறாகாது. ஒருபோதும் காணியுறுதியைக் கையில் ஏந்தாத மக்களோடு இவ்விளைஞரும் சேர்ந்து நின்று, நிலம் எவருக்குரியது எனக் கேட்கும் நாளிலேதான் விடை பிறக்கும்.