கைக்கேற்ற கட்டு

ஒருவர் கை மற்றொருவர் கையைப் போல் இருப்பதில்லை. 27 எலும்புகள் எல்லார்க்கும் பொது. ஆயினும் விரல்களின் நீளமும், மூட்டுகளின் வளைவும், உள்ளங்கையின் குழிவும் அவரவர்க்கே உரியவை. நலிவுற்ற கையைத் தாங்குவதற்கு மனிதன் செய்த கட்டுகளின் வரலாற்றைப் புரட்டினால், இந்த எளிய உண்மையை மருத்துவம் எத்துணை மெதுவாகக் கற்றது என்பது விளங்கும்.

அவ்வரலாறு மிகப் பழையது. எகிப்தின் பழங்கல்லறைகளில் கிடைத்த, மரப்பட்டை வைத்துத் துணி சுற்றிய முன்கை முறிவு ஒன்றை எலியட் ஸ்மித் என்னும் உடற்கூற்று அறிஞர் 1908-ஆம் ஆண்டில் விவரித்தார். அது ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முற்பட்டது. நம் நாட்டு வைத்தியர் வைத்துக் கட்டும் மூங்கில் பத்தையும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததே. இவற்றில் பலகைக்குத் தக்கவாறு கைதான் இணங்க வேண்டியிருந்தது. 1851-ஆம் ஆண்டில் மத்தேய்சன் என்னும் டச்சுப் படை மருத்துவர், பாரிஸ் சாந்துப் பொடி தேய்த்த துணிச்சுருளை நனைத்துச் சுற்றும் முறையைக் கண்டார். நாம் மாவுக்கட்டு என்று அழைப்பது அதுவே. அன்றுமுதல் கையே கட்டுக்கு அச்சாயிற்று.

அந்தச் சாந்துக்கு வேலூரில் மற்றொரு பணி காத்திருந்தது. கொல்லிமலையில் மறைபணியாளர் குடும்பத்தில் 1914-ஆம் ஆண்டு பிறந்த பால் பிராண்ட், மருத்துவம் பயிலுமுன் கட்டடத் தொழில் கற்றவர். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். மறு ஆண்டு செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில், விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தம் கையை அழுத்தச் சொன்னார். அப்பிடியின் வலிமை அவரைத் திடுக்கிடச் செய்தது. அக்கை செத்துவிடவில்லை! நோய் சில நரம்புகளைத் தாக்கியதால் விரல்களை நேராக நிறுத்தும் சிறு தசைகள் மட்டுமே செயலிழந்திருந்தன. முன்கையின் வலிய தசைகள் உயிரோடிருந்தன. நல்ல தசையின் நாணை இடம் மாற்றி, இழந்த செயலை மீட்கும் அறுவைச் சிகிச்சை அங்ஙனம் பிறந்தது.

ஆனால் ஒரு தடை இருந்தது. பல ஆண்டுகள் மடங்கியே கிடந்த மூட்டுகள் இறுகியிருந்தன. இறுகிய மூட்டை எந்த நாணாலும் அசைக்க இயலாது. வலிந்து நிமிர்த்தினாலோ உள்ளே திசு கிழியும். ஆறும்போது தழும்பாகி முன்னிலும் இறுகும். எனவே விரலை இயன்ற அளவு மென்மையாக நீட்டி, அந்நிலையிலேயே மெல்லிய சாந்துக் கட்டு இட்டனர். சில நாள்கள் கழித்து அதை அகற்றி, விரல் இணங்கிய அளவுக்கு மீண்டும் நீட்டிப் புதுக்கட்டு இட்டனர். இப்படிச் சிறிது சிறிதாக விரல் நிமிர்ந்தது. இடைவிடாத மென்மைக்கு உயிருள்ள திசு வளர்ந்து இடங்கொடுக்கிறது; முரட்டு விசையை எதிர்க்கிறது.

இரண்டாவது பாடம் இன்னும் கடினமானது. துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க இயலாமல் பிராண்ட் நின்றபோது, நோயாளிச் சிறுவன் ஒருவன் சாவியை எளிதில் திருப்பிவிட்டான். தரையில் இரத்தத் துளிகள்! விரல் எலும்புவரை கிழிந்திருந்தது. சிறுவனோ அதை உணரவே இல்லை. வலியை நாம் பகைவன் என்று எண்ணுகிறோம். அவனுக்கு இல்லாமற்போனது அந்தக் காவலன்தான். அத்தகைய கைக்குப் பொருந்தாத கட்டு எத்தகைய தீங்கு செய்யும் என்று எண்ணிப் பாருங்கள். ஓர் ஓரம் அழுத்தினால் நாம் உடனே கழற்றி எறிவோம். உணர்வற்ற கையோ முறையிடாது. புண் ஆழமான பின்னரே தெரியவரும். எனவே கட்டுபவரின் கண்ணும் விரல்நுனியும் நோயாளியின் வலியாக மாற வேண்டியிருந்தது.

இன்று சாந்தோடு வெந்நீரில் இளகும் நெகிழித் தகடும் பயன்படுகிறது. ஏறத்தாழ 60 முதல் 75 பாகை வெப்பத்தில் இளகும் அத்தகட்டைச் சற்றே ஆறவிட்டு, கையின் மீதே வைத்து அழுத்தி உருக்கொடுக்கின்றனர். சில நிமிடங்களில் அது கெட்டிப்படுகிறது. சிறிது நேரம் அணிந்தபின் கழற்றி, தோலில் சிவந்த தடம் மறையாமல் நின்றால் அவ்விடத்தை மீண்டும் இளக்கித் திருத்துகின்றனர். பொருள் மாறியது, பாடம் மாறவில்லை. கடையில் ஆயத்தமாய்க் கிடைக்கும் பட்டைகள் பலருக்குப் போதுமானவையே. எனினும் உணர்விழந்த கைக்கும் உருமாறிய கைக்கும் அளவெடுத்துச் செய்வது ஆடம்பரமன்று, பாதுகாப்பு.

பிராண்ட் 1966-இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்று, 2003-இல் மறைந்தார். வேலூரில் கற்றதை அங்கும் கற்பித்தார். நம் இல்லங்களிலும் இறுகிப்போனவர்கள் உண்டு. தம் வலியைச் சொல்ல இயலாதவர்களும் உண்டு. ஒரே நாளில் அவர்களை நிமிர்த்திவிடக் கை நீட்டுமுன், அந்த மெல்லிய சாந்துக் கட்டை நாம் நினைவுகூர்வது நன்று.