ஒரு பெயர், இரண்டு முயல்

மணவாள நகரில் இருக்கும் நண்பர் ஒருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை பண்ணையிலிருந்து முயல் கறி வாங்கி வந்துவிட்டார். வீட்டில் யாரும் அதுவரை முயல் சமைத்ததில்லை. தேங்காய்ப்பால் ஊற்றி ஸ்டூ வைக்கலாம் என்று ஆசை. ‘‘ஏங்க, இதைக் கோழி மாதிரி வைக்கிறதா, ஆட்டுக்கறி மாதிரி வைக்கிறதா?’’ என்று அவர் மனைவி கேட்க, ஊரில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டார் நண்பர். ‘‘முயல் கறி கறுஞ்சிவப்பா, முறுக்கா இருக்கும்டா. மிளகு தூக்கலா போட்டு நல்லா வேகவிடச் சொல்லு’’ என்றார் அந்தம்மா. பாத்திரத்தைத் திறந்தால், கறி கோழி மாதிரி வெளுப்பாக இருக்கிறது!

அம்மா சொன்னதில் தப்பில்லை. அவர் சொன்னது வேறு பிராணி, பாத்திரத்தில் இருந்தது வேறு பிராணி. தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டோம், அவ்வளவுதான்.

நம் ஊர்க் காட்டு முயல் வளை தோண்டாது. புல் மறைவில் குட்டி போடும். குட்டி பிறக்கும்போதே உடம்பில் ரோமம் இருக்கும், கண் திறந்திருக்கும். சங்கப் பாடல்களில் வருகிற ‘குறுமுயல்’ இதுதான். காட்டு முயலைக் கொன்ற அம்பைவிட, யானைக்குக் குறி வைத்துத் தவறிய வேல் மேல் என்று வள்ளுவர் சொன்னாரே, அதுவும் இதுவே. (பாவம், அடிபட்டதும் அது, அவமானப்பட்டதும் அது!)

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காட்டு முயலைப் பிடித்தால் குற்றம். சட்டம் நியாயமானதுதான். ஆனால், அதே சட்டம் துப்பாக்கி வைத்திருந்த துரைமாருக்குப் பொழுதுபோக்கைத்தான் பறித்தது. திருவள்ளூர், செங்கல்பட்டு வட்டாரத்து இருளர்களுக்குப் பிழைப்பையே பறித்தது. பாம்புத் தோல் வியாபாரம் நின்றபோதாவது, விஷம் எடுத்து விற்க 1978-ல் அவர்களுக்கு ஒரு கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. முயலுக்கு மாற்றாக யார் என்ன கொடுத்தார்கள்?

சரி, பண்ணை முயல் எங்கிருந்து வந்தது?

ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்திலிருந்து. வளை தோண்டும் ஜாதி. குட்டி ரோமமில்லாமல், கண் திறக்காமல் பிறக்கும். ரோமச் சக்கரவர்த்தி ஹேட்ரியன் வெளியிட்ட நாணயத்தில், ஸ்பெயினைக் குறிக்கும் பெண்ணின் காலடியில் ஒரு முயல் இருக்கிறது. அந்தப் பக்கத்துத் தீவு ஒன்றில் முயல் தொல்லை தாங்காமல், ‘ராணுவத்தை அனுப்புங்கள்’ என்று அகஸ்டஸ் சக்கரவர்த்திக்கே மனு போட்டார்களாம். நம்பலாம். சுமார் 31 நாளில் ஒரு ஈற்று, ஈற்றுக்கு ஆறேழு குட்டி. பி.காம் படித்தவனுக்கு இது முயல் இல்லை, கூட்டு வட்டி!

இந்த வட்டிக் கணக்கை நேர் செய்யப் பார்த்தார் ஒரு பிரெஞ்சு டாக்டர். பெயர் அர்மான்-டெலீல். பாரிஸுக்கு மேற்கே மையேபுவாவில் பெரிய எஸ்டேட். அங்கே பயிரையும் மரக்கன்றையும் முயல்கள் மொட்டையடித்தன. 1950-ல் ஆஸ்திரேலியாவில் முயல்களைக் கொல்ல மிக்ஸோமடோசிஸ் என்ற வைரஸைப் பரப்பியிருந்தார்கள். அதை வரவழைத்து, 1952 ஜூனில் இரண்டு முயல்களுக்கு ஊசி போட்டு விட்டார். எஸ்டேட்டைச் சுற்றித்தான் மதில் இருக்கிறதே, நோய் எப்படி வெளியே போகும் என்பது அவர் எண்ணம். கொசுவுக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் மதில் ஒரு தடையா?

இரண்டு மூன்று வருடங்களில் பிரான்ஸின் காட்டு முயல்களில் 90 சதவிகிதத்துக்கும் மேல் காலி. கொல்லைப்புறக் கூண்டில், காய்கறித் தோலைப் போட்டு ஏழைகள் வளர்த்த முயல்களும் சேர்ந்து செத்தன. ஞாயிற்றுக்கிழமைச் சட்டியில் வேகவேண்டிய கறி அது! 1953-ல் நோய் பிரிட்டனுக்கும் போனது. கண் வீங்கிச் சாகும் முயல்களைப் பார்த்தவர்களுக்கு அப்புறம் முயல் கறி எப்படி இறங்கும்?

வேட்டைக்காரர்கள் கொதித்துப்போய் வழக்குப் போட்டார்கள். 1955-ல் டாக்டருக்கு 5,000 ஃபிராங்க் அபராதம். அடுத்த வருடமே அவருக்குத் தங்கப் பதக்கம்! கொடுத்தவர் வனத்துறை முன்னாள் அதிகாரி. மரக்கன்றுகள் தழைத்தனவே!

அந்த ஐரோப்பிய ஜாதியில்தான் சோவியத் சின்சில்லா, ஒயிட் ஜெயன்ட் போன்ற கறி இனங்கள் உருவாயின. நம் பக்கம் கொடைக்கானல் மன்னவனூரிலும் ஊட்டி சாண்டிநல்லாவிலும் இருக்கும் ஆட்டு ஆராய்ச்சி நிலையங்களில் இவற்றை வளர்த்தார்கள். குளிர்ப் பிரதேசத்துப் பிராணி, மலை ஒத்துக்கொண்டது. சமவெளி வெயிலில் கொட்டகையைக் குளுமையாக வைக்கத் தனியாகச் செலவு பண்ண வேண்டும். கறியில் கொழுப்பு ரொம்பக் கம்மி. பெரிய தீயில் கொதிக்கவிட்டால் நார் நாராகிவிடும். எண்ணெய் கொஞ்சம் தாராளமாக, சிறு தீயில், தேங்காய்ப்பாலைக் கடைசியில் ஊற்றினால் ஸ்டூ அருமையாக வரும்.

2014-ல் இதற்கும் ஒரு கண்டம் வந்தது. கறிக்காக வெட்டத்தக்க பிராணிகள் என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருந்த பட்டியலில் ஆடு, மாடு, பன்றி, கோழி, மீன் எல்லாம் இருந்தன. முயல் இல்லை! இல்லாததை வெட்டி விற்கக் கூடாது என்றார்கள். கடன் வாங்கிக் கூண்டு கட்டியவர்கள், குறிப்பாகக் கேரளத்தில், கொதித்தெழுந்தார்கள். பிறகு விதியைத் திருத்தினார்கள். சும்மா ‘முயல்’ என்று போடவில்லை, ‘வீட்டு முயல்’ என்று போட்டார்கள்.