வீரமுத்துவேல், ப.

விழுப்புரத்தைச் சேர்ந்த விண்கலப் பொறியாளர். சந்திரயான்-3 நிலவுத் திட்டத்தின் இயக்குநராக இருந்தவர். தந்தை ரயில்வே தொழில்நுட்பப் பணியாளர். உள்ளூர் ரயில்வே பள்ளியில் படித்து, பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் பட்டயம் முடித்த பிறகே பொறியியல் பட்டத்துக்குப் போனார், மேற்பட்டம் திருச்சியில். கோவை லட்சுமி மெஷின் ஒர்க்ஸில் சில காலம் வேலை. அடுத்தது, ராணுவத்துக்கு ஹெலிகாப்டர் தயாரிக்கும் பெங்களூரு இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ். பலரும் ஒரு வரியில் தாண்டிவிடும் இந்தப் பாதுகாப்புத் துறைக் கட்டம் கவனத்துக்குரியது: ஹெலிகாப்டர் வடிவமைப்பில் ஓயாத தலைவலி அதிர்வு, பின்னாளில் சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டத்துக்கு அவர் ஆராய்ந்ததும் விண்கல மின்னணுப் பெட்டிகளின் அதிர்வைத் தணிப்பதைத்தான். 2004இல் இஸ்ரோவில் சேர்ந்தார். சந்திரயான்-2இன் தரையிறங்கி 2019இல் நிலவில் மோதிய பின், அடுத்த முயற்சியின் பொறுப்பு இவரிடம் வந்தது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3இன் தரையிறங்கியான விக்ரம் நிலவின் தென்துருவப் பகுதியை அடைந்தது.