ரூபாய் என்றால் வெள்ளியா?

மாட்டுங்கா மார்க்கெட்டில் பத்து ரூபாய் நோட்டை நீட்டும் நம்மில் எத்தனை பேர் அதன் பின்புறத்தைப் படித்திருக்கிறோம்? பதினைந்து மொழிகள் வரிசையாக உள்ளன. பதிமூன்றாவது தமிழ், 'பத்து ரூபாய்'. அதற்கு நேர் மேலே ஸம்ஸ்கிருதம், 'தச ரூப்யகாணி'. அஸ்ஸாமி, வங்காளி, ஒரியா மொழிகளில் மட்டும் ரூபாய் என்ற பேச்சே கிடையாது. அவர்களுக்கு அது 'டங்க' என்ற சொல்வழி வந்த டாக்கா, டங்கா.

ரூபாய் என்றால் வெள்ளி என்றுதான் பலரும் சொல்வார்கள். 'ரூப்யம்' என்ற சொல்லுக்கு அந்தப் பொருளும் உண்டு. ஆனால் பாணினியின் அஷ்டாத்யாயியைப் பார்த்தால் விஷயம் வேறு. 'ரூபம்' என்ற சொல்லிலிருந்து 'ரூப்யம்' பிறப்பது இரண்டு அர்த்தங்களில் என்கிறார் அவர்: ஒன்று, உருவம் அடித்துப் பதிக்கப்பட்டது, மற்றொன்று, அழகுடையது. காசிகா உரை முதல் அர்த்தத்திற்குக் காட்டும் உதாரணம் தீனாரம். அதுவோ குப்தர் காலத்துப் பொற்காசு! ஆகவே உலோகம் அல்ல, முத்திரைதான் மூலம் என்பது என் துணிபு.

வெள்ளி நாணயத்திற்கு 'ரூபியா' என்ற பெயரை நிலைநிறுத்தியவர் ஷேர்ஷா (1540–45). எடை சுமார் 178 குன்றிமணி அல்ல, 178 கிரெய்ன், அதாவது பதினொன்றரை கிராம். மொகலாயர்கள் அதையே தொடர்ந்தார்கள். 1676-ல் இரண்டாம் சார்லஸ் மன்னர், பம்பாயில் ரூபாய் அடிக்கக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அனுமதி அளித்தார். நம் முன்னோர்கள் சென்னைப் பக்கத்தில் அப்போது வேறு கணக்கில் இருந்தார்கள்: ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. அங்கே 1818-ல்தான் ரூபாய் வந்தது. 1835-ல் கம்பெனி ஆட்சிப் பகுதி முழுவதற்கும் 180 கிரெய்னில் ஒரே ரூபாய் ஆயிற்று.

1940-ல் அதில் வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1947-ல் நிக்கல் ரூபாய் வந்தது. வெள்ளி அடியோடு போயிற்று. இன்றைய ஒரு ரூபாய், எவர்சில்வர் ஜாதி. ஆனாலும் பெயர் அசையவில்லை. முத்திரை இருக்கிறதே!

2010-ல் ரூபாய்க்கே ஒரு சின்னம் கிடைத்தது. தேவநாகரி 'ர'வையும் ரோமன் 'ஆர்' எழுத்தையும் இணைத்து அதை வரைந்தவர் நம் பவாயி ஐ.ஐ.டி.யில் ஆராய்ச்சி செய்த தமிழர் உதயகுமார். 2011 முதல் நாணயங்களிலும் அதைக் காணலாம். எந்த ஊரில் இருந்தாலும் கையிலுள்ள நாணயத்தைப் பாருங்கள்: ஆண்டுக்குக் கீழே வைர வடிவில் சிறு புள்ளி இருந்தால், அது மும்பைக் கோட்டைப் பகுதியில், ரிசர்வ் வங்கிக்கு எதிரேயுள்ள நாணயச்சாலையில் அடித்தது.