இரண்டு கேசட்டுகள்: வீட்டுக் கணினியும் விளையாட்டுக் கருவியும்

தமிழ்நாட்டில் 1990களின் பிற்பகுதியிலும் 2000களின் தொடக்கத்திலும் வளர்ந்தவர்களுக்குக் 'கேசட்' என்னும் சொல் இரண்டு பொருள்களைக் குறித்தது. ஒன்று, பாட்டுக் கேட்கும் ஒலிநாடா. மற்றொன்று, தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் 'வீடியோ கேம்' பெட்டியில் செருகும் பிளாஸ்டிக் துண்டு. பின்னதன் முறையான பெயர் கார்ட்ரிட்ஜ். அதனுள் நாடா கிடையாது. சிறியதொரு மின்சுற்றுப் பலகையும் அதன்மேல் நினைவகச் சில்லுகளுமே உண்டு. அறிந்த பொருளின் பெயரை வடிவ ஒப்புமையால் புதிய பொருளுக்கும் நீட்டிப்பது எல்லா மொழிகளிலும் நிகழ்வதே. ஆயினும் இந்தப் பெயர் நீட்சி, கணினி வரலாற்றின் முக்கியமான வேறுபாடொன்றைத் தன்னுள் மறைத்துக்கொண்டது. ஒலிநாடாவில் நாம் பதிவுசெய்யலாம்; கார்ட்ரிட்ஜில் உள்ளதைப் படிக்க மட்டுமே கருவியால் இயலும்.

1980களின் தொடக்கத்தில் இவ்விரண்டும் வீட்டுத் தொலைக்காட்சிக்காக ஒன்றோடொன்று போட்டியிட்டன. முன்னது வீட்டுக் கணினியின் சேமிப்பகம். பின்னது விளையாட்டுக் கருவியின் உயிர். இன்று இவ்விரு மரபுகளையும் 'பழைய கேம்கள்' என்ற ஒரே நினைவேக்கப் பெட்டிக்குள் போட்டுவிடுகிறோம். அவற்றைப் பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் வீட்டுக் கணினி. 1981 டிசம்பரில் ஏகார்ன் நிறுவனத்தின் பிபிசி மைக்ரோ பிரிட்டனில் வெளிவந்தது. 1982 ஏப்ரலில் சின்க்ளேர் நிறுவனத்தின் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் அறிமுகமாயிற்று; 16 கிலோபைட் நினைவகம் கொண்டது 125 பவுண்டு, 48 கிலோபைட் கொண்டது 175 பவுண்டு. அதே ஆண்டில் அமெரிக்காவில் 64 கிலோபைட் நினைவகத்துடன் கமடோர் 64 கணினி 595 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. இம்மூன்றுக்கும் பொதுவான பண்பு ஒன்றுண்டு. மின்சாரத்தை இணைத்ததும் இவை எந்த ஆட்டத்தையும் காட்டுவதில்லை. திரையில் ஒரு குறி மின்னிக்கொண்டிருக்கும். உரிமையாளர் ஒரு வாக்கியத்தைத் தட்டச்சு செய்வதற்காகக் கருவி காத்திருக்கும். அவ்வாக்கியம் அமையவேண்டிய மொழி பேசிக். 1964இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் ஜான் கெமெனியும் தாமஸ் கர்ட்ஸும் அறிவியல் பயிலாத மாணவர்களையும் கருத்தில்கொண்டு உருவாக்கிய நிரல்மொழி அது.

மொழியியல் மாணவருக்கு ஸ்பெக்ட்ரம் தனிச்சுவை தரும் கருவி. அதில் கட்டளைச் சொற்களை எழுத்தெழுத்தாகத் தட்ட வேண்டியதில்லை. வரியின் தொடக்கத்தில் 'கே' என்னும் எழுத்து மின்னும். இங்கே ஒரு கட்டளைச் சொல் வரவேண்டும் என்பது அதன் பொருள். அந்நிலையில் 'பி' விசையை அழுத்தினால் 'பிரிண்ட்' என்ற முழுச்சொல்லும் திரையில் வந்துவிழும். உடனே மின்னும் எழுத்து 'எல்' என்று மாறும். இனி எழுத்துகளோ எண்களோ வரலாம். வாக்கியத்தின் எந்த இடத்தில் எவ்வகைச் சொல் அமையும் என்பதை அக்கருவி முன்னரே அறிந்திருந்தது. இலக்கணம் பிறழ்ந்த வரியை அது ஏற்பதில்லை. பிழை நேர்ந்த இடத்தில் கேள்விக்குறியொன்றை மின்னச்செய்து, திருத்தும்வரை காத்திருக்கும்.

பிழைச்செய்திகளிலும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு குணம் இருந்தது. கமடோர் 64 'சின்டாக்ஸ் எரர்' என்று இலக்கண ஆசிரியரைப்போலப் பேசியது. பிபிசி மைக்ரோ 'மிஸ்டேக்' என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொண்டது. ஸ்பெக்ட்ரத்தின் செய்திப் பட்டியலிலோ 'நான்சென்ஸ் இன் பேசிக்' என்ற கடுஞ்சொல்லும் இடம்பெற்றிருந்தது. கடிந்துகொண்டாலும் இவை பயனரைப் பேச்சில் பங்கேற்பவராகவே கருதின. பேச வாய்ப்புள்ளவரைத்தானே திருத்த முடியும்?

இந்த வாய்ப்பின் விளைவுகள் பெரியவை. அக்காலக் கணினி இதழ்கள் முழு நிரல்களையும் வரிவரியாக அச்சிட்டன. வாசகர்கள் அவற்றைத் தட்டச்சு செய்து, ஒலிநாடாவில் பதிந்துகொண்டனர். 1983இல் ஸ்பெக்ட்ரத்திற்கு 'மானிக் மைனர்' ஆட்டத்தை எழுதிய மேத்யூ ஸ்மித் அப்போது பதின்வயதினர். 1984இல் பிபிசி மைக்ரோவில் வெளிவந்த 'எலைட்' ஆட்டத்தைக் கேம்பிரிட்ஜில் இளநிலை பயின்றுகொண்டிருந்த டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் எழுதினர். 32 கிலோபைட் நினைவகத்தில் எட்டு அண்டங்களை, அண்டத்திற்கு 256 கோள்கள் வீதம், அவர்கள் அமைத்தனர். அத்தனை பெயர்களையும் சேமிக்க இடமில்லை. எனவே ஈரெழுத்து இணைகளின் சிறு பட்டியல் ஒன்றிலிருந்து லேவ், டிசோ, லீஸ்டி போன்ற பெயர்களை நிரலே கோத்துக்கொண்டது. இணைகள் பெரும்பாலும் உயிரும் மெய்யும் சேர்ந்தவையாதலால், பிறந்த பெயர்களும் பெரும்பாலும் வாயில் நுழைபவையாக அமைந்தன. ஒலியனியல் வகுப்பில் எடுத்துக்காட்டாகத் தரத்தக்க செய்தி இது.

எனினும் வீட்டுக் கணினியைத் தெய்வமாக்கத் தேவையில்லை. கல்விக்கு என்று சொல்லி வாங்கப்பட்ட கணினிகளுள் பெரும்பாலானவை விளையாட்டுக்கே பயன்பட்டன. நாடாவிலிருந்து ஓர் ஆட்டம் நினைவகத்தை அடையச் சில நிமிடங்கள் ஆகும். கீச்சிடும் ஓசையைப் பொறுத்துக்கொண்டு அமர்ந்திருந்தால், இறுதியில் நாடாப் பிழை என்ற செய்தி வந்து நிற்பதும் உண்டு. கார்ட்ரிட்ஜில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. செருகினால் ஆட்டம் தொடங்கிவிடும்.

விளையாட்டுக் கருவியின் பெருமையும் அங்கேதான் இருக்கிறது. 1977இல் வந்த அட்டாரி 2600இன் உள்நினைவகம் வெறும் 128 பைட்டுகள். 1983 ஜூலையில் நின்டெண்டோ நிறுவனம் ஜப்பானில் 14,800 யென்னுக்கு வெளியிட்ட ஃபேமிகாம் கருவியிலும் 2 கிலோபைட்டே மைய நினைவகம். இக்குறுகிய எல்லைக்குள் கலைஞர்கள் காட்டிய சிக்கனம் வியப்பூட்டுவது. 1985இல் வந்த 'சூப்பர் மேரியோ பிரதர்ஸ்' முழுவதும் 40 கிலோபைட்டில் அடங்கிற்று. அதில் வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே வரைவடிவம். வெள்ளை பூசினால் மேகம், பச்சை பூசினால் புதர். ஒரே சொல்வடிவம் இடத்திற்கேற்ப வேறுபொருள் தருவதைப்போல.

ஃபேமிகாம் என்னும் பெயரே 'ஃபேமிலி கம்ப்யூட்டர்' என்பதன் சுருக்கம். 1984இல் அதற்கென ஒரு விசைப்பலகையும் பேசிக் மொழியும்கூட வெளிவந்தன. ஆனால் வட அமெரிக்காவில் 1983இல் தரம் குறைந்த ஆட்டங்கள் சந்தையில் குவிந்து, விளையாட்டுத் தொழிலே சரிந்திருந்தது. ஆகவே 1985இல் அங்கே சென்ற அதே கருவி, வடிவத்தையும் பெயரையும் மாற்றிக்கொண்டு, 'என்டர்டெயின்மென்ட் சிஸ்டம்' என்று தன்னை அழைத்துக்கொண்டது. கூடவே ஒரு பூட்டும் வந்தது. கார்ட்ரிட்ஜிலும் கருவியிலும் இணைச்சில்லுகள் பொருத்தப்பட்டன; அவை ஒன்றையொன்று அடையாளம் காணாவிடில் ஆட்டம் ஓடாது. நின்டெண்டோவின் உரிமம் பெறாமல் எவரும் அக்கருவிக்கு எழுதுவது கடினமாயிற்று. உரிமம் பெற்றோருக்கும் ஆண்டுக்கு ஐந்து ஆட்டங்கள் என்ற வரம்பு இருந்தது. எதை எழுதலாம், யார் எழுதலாம் என்பதை உற்பத்தியாளரே முடிவுசெய்யும் முறை இங்கே நிலைபெற்றது.

ஜப்பானிய ஃபேமிகாமில் அந்தப் பூட்டுச்சில்லு இல்லை. அதன் நகல்கள் ஆசியாவெங்கும் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம். நம் வீடுகளுக்கு மலிவு விலையில் வந்த 'டிவி கேம்' பெட்டிகள் பெரும்பாலும் அவ்வகை நகல்களே. பூட்டில்லாத கதவின் வழியாகத்தான் மேரியோ இந்தியக் கீழ்நடுத்தர வர்க்க வீடுகளுக்குள் வந்தார்.

வீட்டுக் கணினி மரபோ இந்தியாவுக்கு வேறு வழியில் வந்தது. 1984-85இல் தொடங்கிய 'கிளாஸ்' என்னும் நடுவண் அரசின் கணினிக் கல்வித் திட்டத்தின்கீழ், முதற்கட்டத்தில் ஏறத்தாழ 250 பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ வழங்கப்பட்டது. பிரிட்டனில் வீட்டுக் கூடத்தில் இருந்த கருவி, இங்கே பள்ளி ஆய்வகத்தின் பொருளாயிற்று. அதை அணுகுவதற்கு ஆங்கிலமும் வேண்டியிருந்தது. பேசிக் கட்டளைகள் ஆங்கிலச் சொற்கள் என்பது ஒரு தடை; அவற்றின் தொடரமைப்பு மற்றொன்று. 'பிரிண்ட்' என்ற வினை முதலில் வந்து, அச்சிட வேண்டியது பின்னர் வரும். வினையை இறுதியில் வைத்துப் பேசும் தமிழ்க் குழந்தைக்கு அது வேற்று இலக்கணம்.

ஆக, எந்தக் கருவி சமத்துவமானது? எழுத்தறிவே தேவைப்படாத மேரியோ எல்லாரையும் உள்ளே விட்டது. ஆனால் வாசகராக மட்டுமே விட்டது. பேசிக் எழுத அழைத்தது. ஆனால் வாசலிலேயே மொழித் தேர்வு ஒன்றை வைத்தது. இவ்விரு உண்மைகளையும் சேர்த்தே வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் வாதம். நம் தலைமுறை விரும்பி ஆடிய 'பேட்டில் சிட்டி' என்ற பீரங்கி ஆட்டத்தின் தொடக்கப் பட்டியலில் 'கன்ஸ்ட்ரக்ஷன்' என்றொரு தேர்வு உண்டு. செங்கல், இரும்பு, நீர், மரம் ஆகியவற்றை அடுக்கி நாமே ஒரு களத்தை அமைத்து ஆடலாம். மின்சாரத்தை நிறுத்தியதும் அது அழிந்துவிடும். எழுதும் வேட்கை அங்கேயும் இருந்தது. எழுதியதை வைத்துக்கொள்ள ஒரு நாடா மட்டும் இல்லை.

இது பழங்கதை அன்று. பிபிசி மைக்ரோவை வடிவமைத்த சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் அதன்பின் உருவாக்கிய செயலி ஆர்ம். முதற்சில்லு 1985இல் இயங்கியது. இன்று ஏறக்குறைய எல்லாத் திறன்பேசிகளிலும் உள்ளது அதன் வழித்தோன்றலே. ஆனால் அத்திறன்பேசியின் செயலிக் கடைகள், எது உள்ளே வரலாம் என்று உற்பத்தியாளரே தீர்மானிக்கும் விளையாட்டுக் கருவி மரபைப் பின்பற்றுகின்றன. இதயம் வீட்டுக் கணினியுடையது. வாயிற்கதவு விளையாட்டுக் கருவியுடையது.

தமிழருக்கு இதில் தனி அக்கறை உண்டு. 1980களின் நடுப்பகுதியில் மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை உருவாக்கித் தனிக்கணினியில் தமிழை ஏற்றியபோது, கணினி நிறுவனம் எதனிடமும் அவர் உரிமம் கேட்க வேண்டியிருக்கவில்லை. கருவி எழுதவல்லதாக இருந்தது. ஆகவே அதில் இல்லாத ஒரு மொழியைப் பயனரே சேர்க்க முடிந்தது. பூட்டிய கார்ட்ரிட்ஜ் கருவியில் அது இயலாது. பழைய கருவிகளை ஒப்பிடும்போது வண்ணங்களின் எண்ணிக்கையையும் ஒலியின் தரத்தையும் மட்டுமே கணக்கிடுகிறோம். அவற்றோடு, தன்னிடம் இல்லாத மொழியை உள்ளே கொண்டுவரப் பயனருக்கு இடமளித்ததா என்பதையும் கேட்க வேண்டும். இன்று சிறுபான்மை மொழிகளுக்கு விசைப்பலகையும் எழுத்துருவும் செய்துகொண்டிருக்கும் மாணவர்களுக்கு இக்கேள்வியின் எடை தெரியும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். 'கேசட்' என்பது நான் அறிந்த வழக்கு. உங்கள் ஊரில் அந்தப் பெட்டிக்கும், அதன் கைப்பிடிக்கும், செருகும் துண்டுக்கும் என்னென்ன பெயர்கள் வழங்கின? ஊர்ப் பெயரோடு எழுதுங்கள். அகராதிகளில் இடம்பெறாத இச்சொற்கள், அவற்றை வழங்கிய தலைமுறை நினைவில் வைத்திருக்கும்போதே பதிவுபெற வேண்டும்.