குழாய் உறைந்த குளிர்காலங்கள்

இங்கிலாந்தில் வீடு வாங்கப் போகும் நம்மவர்கள் பாடசாலை எவ்வளவு தூரம், ரயில் நிலையம் எவ்வளவு தூரம், கார் நிறுத்த இடம் உண்டா என்றெல்லாம் துருவி விசாரிப்பார்கள். தண்ணீர்க் குழாய் எந்தச் சுவர் வழியாக ஓடுகிறது, அதைப் பூட்டும் வால்வு எங்கே இருக்கிறது என்று கேட்டவர் ஒருவரையும் நான் கண்டதில்லை. நாற்பது குளிர்காலங்களை இந்த நாட்டில் கடந்தவன் என்ற முறையில், இந்தக் குழாய்களின் கதையைக் கொஞ்சம் எழுதி வைக்கலாம் என்று நினைக்கிறேன். என்னைப் போல வயதானவர்களுக்கு இது வெறும் பழங்கதை அல்ல. கடுங்குளிரில் தண்ணீரும் வெப்பமும் ஒரே நாளில் நின்று போனால் முதலில் அகப்படுவது நாங்கள்தான்.

ஊரில் நாங்கள் கிணற்றில் அள்ளிக் குளித்து வளர்ந்தவர்கள். கிணற்று நீர் மார்கழியிலும் இளஞ்சூடாகத்தான் இருக்கும். தண்ணீர் கல்லாகிக் குழாயைப் பிளக்கும் என்பது எங்களுக்குப் பாடசாலை விஞ்ஞானப் புத்தகத்தில் படித்த ஒரு வரி, அவ்வளவுதான்.

அந்த ஒரு வரியைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். தண்ணீர் உறையும்போது அதன் கனவளவு ஏறத்தாழ 9 சதவீதம் கூடுகிறது. உறைந்த இடத்திலேயே குழாய் வெடிக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. பனிக்கட்டி ஒரு தக்கை போல வளர்ந்து, தனக்கும் பூட்டிய திருகுக்கும் நடுவில் அகப்பட்ட தண்ணீரை நெருக்கும். போக வழியில்லாத தண்ணீரின் அமுக்கம் ஏறி ஏறி, குழாயில் எது பலவீனமான இடமோ அதைப் பிளக்கும். உறைந்திருக்கும் வரை அந்தப் பிளவு கண்ணுக்குத் தெரியாது, பனிக்கட்டியே அடைப்பாக நிற்கும். இளகும் நாளில்தான் கூரை ஒழுகத் தொடங்கும். குளிர் முடிந்தது என்று ஆறுதல் அடையும் நேரத்தில்தான் சேதம் தெரிய வருகிறது.

கனடாவில் இருக்கும் நம் உறவினர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். டொரொன்டோவில் சில நாட்களில் மைனஸ் 20 பாகை வரைக்கும் இறங்குவதுண்டு. அங்கே வீதிக் குழாயை ஐந்து, ஆறு அடி ஆழத்தில் புதைத்து, வீட்டுக்குள் வரும் குழாயை நிலவறை வழியாக வெப்பமான பக்கத்தில் கொண்டு போவார்கள். மைனஸ் 5 பாகைக்கே குழாய் உறைவது இந்த நாட்டில்தான். அதற்குக் காரணம் வீடு கட்டிய முறை. அந்த முறைக்கும் ஒரு வரலாறு உண்டு.

விக்டோரியா மகாராணி காலத்தில் லண்டனுக்குத் தண்ணீர் கொடுத்தவை தனியார் கம்பெனிகள். பல இடங்களில் நாளுக்குச் சில மணி நேரம்தான் தண்ணீர் வரும். வரும்போது பிடித்து வைக்க ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தாங்கி தேவைப்பட்டது. பிற்பாடு நாள் முழுவதும் தண்ணீர் வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. கூரைக்குக் கீழே, வீட்டின் மிகக் குளிரான மூலையில், தாங்கி உட்கார்ந்துகொண்டது. பழைய வீடுகளில் இன்றும் பார்க்கலாம்.

இன்னொரு காரணம் சாக்கடைப் பயம். சாக்கடையிலிருந்து எழும் கெட்ட வாயு நோயைக் கொண்டு வருகிறது என்று அக்காலத்தில் நம்பினார்கள். 1871இல் இளவரசர் எட்வர்ட், பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னர், டைஃபாய்டு காய்ச்சலில் சாகக் கிடந்தபோது அந்தப் பயம் நாடெங்கும் பரவியது. கழிவுக் குழாய்கள் வீட்டுக்கு வெளியே, சுவரின் முகத்தில் இறங்க வேண்டும் என்பது வழக்கமாயிற்று. நோய்க்குப் பயந்து குழாயை வெளியே அனுப்பினார்கள். குளிர் அங்கே அதற்காகக் காத்திருந்தது.

குழாய்களோ ஈயத்தால் ஆனவை. பிளம்பர் என்ற சொல்லே ஈயத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். ஈயம் மெதுமையான உலோகம். உறையும்போது கொஞ்சம் வீங்கிக் கொடுக்கும். ஓரிரு குளிர்காலம் தாங்கிவிட்டு, பிறகொரு நாள் பிளக்கும்.

1895 பெப்ரவரியில் இந்த ஏற்பாடு முழுவதும் பரீட்சைக்கு வந்தது. ஸ்கொட்லாந்தில் பிரேமார் என்ற ஊரில் மைனஸ் 27.2 பாகை பதிவாயிற்று. லண்டனில் குளிர் நிலத்துக்குள் இறங்கி, ஆழமாகப் புதைக்கப்படாத வீதிக் குழாய்களையே உறைய வைத்தது. ஏழைகள் வாளியோடு வீதியில் வரிசையில் நின்றார்கள். கம்பெனிகள் மீது எழுந்த கோபம், பின்னால் வந்த கோடைத் தட்டுப்பாடுகளோடு சேர்ந்து பெருகியது. 1902இல் சட்டம் வந்து, லண்டனின் தண்ணீர் ஒரு பொதுச் சபையின் கைக்கு மாறியது. அந்த மாற்றத்துக்கு உறைந்த குழாய்களும் ஒரு காரணம் என்று சொல்லலாம்.

அந்தக் காலத்துக் குளிர்காலங்களில் தண்ணீர் இல்லாமையை விடக் கொடிய ஆபத்து ஒன்று குசினியில் இருந்தது. அடுப்புக்குப் பின்னால் தண்ணீர் சூடாக்கும் சிறு கொதிகலன் பொருத்தியிருப்பார்கள். இரவில் அதன் குழாய்கள் உறைந்துவிடும். காலையில் எழுந்து வழக்கம் போல அடுப்பை மூட்டுவார்கள். நீராவி வெளியேற வழி இராது. கொதிகலன் குண்டு போல வெடிக்கும். பனிக் காலத்தில் இப்படி இறந்தவர்களில் அதிகாலையில் எழுந்து அடுப்பு மூட்டிய பெண்களும், அவர்களைச் சுற்றி நின்ற பிள்ளைகளும் உண்டு.

அடுத்தது 1947. அந்த வருடம் நமக்கு வேறு காரணத்துக்காக நினைவில் இருக்கும். ஜனவரி பிற்பகுதியில் தொடங்கிய பனி மார்ச் நடுப்பகுதி வரை நீடித்தது. நிலக்கரி ரயில்கள் பனியில் புதைந்தன. பெப்ரவரியில் தொழிற்சாலைகளுக்கு மின்சாரம் நிறுத்தப்பட்டது. பல பகுதிகளில் வீடுகளுக்கும் பகலில் ஐந்து மணி நேர மின்வெட்டு. குழாய் உறைந்தால் இளக்குவதற்கு நெருப்பும் இல்லை. அந்த இருண்ட நாட்களின் நடுவில், பெப்ரவரி 20ஆம் தேதி, இந்தியாவை விட்டு 1948 ஜூனுக்குள் வெளியேறுவோம் என்று பிரதமர் அட்லி பாராளுமன்றத்தில் அறிவித்தார். அந்த முடிவுக்குப் பெரிய காரணங்கள் வேறு இருந்தன. ஆனாலும் உலகை ஆண்ட நாட்டின் தலைநகரில் அன்று மக்கள் மெழுகுதிரி வெளிச்சத்தில் குளிரில் நடுங்கிக்கொண்டு இருந்தார்கள் என்பதை நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

1962-63 குளிர்காலத்தை நேரில் கண்டவர்கள் என் வீதியில் சிலர் இருந்தார்கள். கிறிஸ்மசுக்கு மறுநாள் விழுந்த பனி மார்ச் மாதம் வரை பல இடங்களில் கரையவில்லை. ஜனவரி மாதத்தின் சராசரி வெப்பநிலை மத்திய இங்கிலாந்தில் மைனஸ் 2.1 பாகை. இருபதாம் நூற்றாண்டில் அதைவிடக் குளிரான மாதம் இல்லை. கென்ட் கரையோரத்தில் கடலே உறைந்தது. வீதி முனைகளில் தற்காலிகக் குழாய் நட்டுத் தண்ணீர் கொடுத்தார்கள், சில இடங்களில் அதுவும் உறைந்தது. லண்டனில் இரண்டு சிறு குழந்தைகளோடு வாழ்ந்த அமெரிக்கக் கவிஞர் சில்வியா பிளாத் அந்த வாரங்களில் உறைந்த குழாய்களோடு பட்ட பாட்டை 'ஸ்னோ பிளிட்ஸ்' என்ற கட்டுரையில் எழுதியிருக்கிறார்.

என் பக்கத்து வீட்டு மூதாட்டி அந்தக் குளிர்காலத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்த மாட்டார். கழிப்பறை அப்போது பின்வளவில்தான். அதன் தாங்கி உறையாமலிருக்க இரவு முழுவதும் ஒரு மண்ணெண்ணெய் விளக்கை உள்ளே எரிய விடுவார்களாம். குழாய்களுக்குப் பழைய சாக்கும் செய்தித்தாளும் சுற்றுவார்களாம். ஒரு வீட்டில் தண்ணீர் வந்தால் அந்த வீதிக்கே அந்த வீடுதான் கிணறு. இதைக் கேட்டபோது எனக்கு ஊர்க் கிணற்றடி ஞாபகம் வந்தது.

அதற்குப் பிறகு மத்திய வெப்பமூட்டல் வந்தது. வீடு முழுவதும் சூடானதால் உள்ளே ஓடும் குழாய்கள் உறைவது குறைந்தது. ஆனால் கூரைக்கடியில் பஞ்சுப் போர்வை போட்டவுடன் வீட்டின் வெப்பம் மேலே போவதும் நின்றது. தாங்கி இருக்கும் இடம் முன்னைவிடக் குளிரானது. அதனால்தான் தாங்கிக்கு மேலும் சுற்றிலும் போர்வை போடு, நேர் கீழே போடாதே என்று சொல்கிறார்கள்.

2005 முதல் இங்கிலாந்தில் புதிதாகப் பொருத்தும் பொய்லர்கள் எரிவாயுவைச் சிக்கனப்படுத்தும் புது வகையாக இருக்க வேண்டும் என்று விதி வந்தது. அந்த வகைப் பொய்லரிலிருந்து சிறிதளவு தண்ணீர் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாய் வழியே வடியும். பல வீடுகளில் அந்தக் குழாயை வெளிச் சுவரில் விட்டார்கள். விக்டோரியா காலத்து வழக்கம் மறுபடி வந்தது! 2010 டிசம்பரில் நாடெங்கும் அந்தச் சிறு குழாய்கள் உறைந்தன, பொய்லர்கள் தாமாக நின்றன. அந்த நாட்களில் எனக்குத் தெரிந்த ஒரு தம்பி இரவு பத்து மணிக்குத் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணை, பொய்லர் நிண்டு போச்சு. குடுகுடு எண்டு சத்தம் வருது. அம்மா போர்வைக்குள்ள நடுங்குறா" என்றார். வெளியே போய் அந்தக் குழாயில் இளஞ்சூட்டு நீர் ஊற்றச் சொன்னேன், கொதிநீர் வேண்டாம் என்றேன். அரை மணி நேரத்தில் பொய்லர் ஓடத் தொடங்கியது.

அதே மாதம் வட அயர்லாந்தில் காசில்டெர்க் என்ற ஊரில் மைனஸ் 18.7 பாகை பதிவாயிற்று. கிறிஸ்மசுக்குப் பிறகு சட்டென்று இளகியது. விடுமுறைக்குப் பூட்டியிருந்த கடைகளிலும் வீடுகளிலும் வெடித்த குழாய்களால் நீர்த்தேக்கங்கள் வேகமாக வற்றின. சுமார் 40,000 வீடுகளுக்குத் தண்ணீர் இல்லை, சிலருக்கு ஒரு வாரத்துக்கும் மேலாக. ஸ்கொட்லாந்திலிருந்து போத்தல் தண்ணீர் அனுப்பினார்கள். தண்ணீர் நிறுவனத்தின் தலைமை அதிகாரி ஜனவரியில் பதவி விலகினார்.

1895, 1947, 1963, 2010. ஒவ்வொரு முறையும் இது எப்போதாவது வருவதுதானே என்ற எண்ணத்தில் கட்டினார்கள், வந்தபின் திருத்தினார்கள், பிறகு மறந்தார்கள். எப்போதாவது வரும் அந்த நாளில் அதன் பாரம் வாடகை வீட்டில் இருப்பவர் மீதும், தனியே இருக்கும் முதியவர் மீதும்தான் விழுகிறது.

நம்மவர்களுக்கு ஒரு விசேட ஆபத்தும் உண்டு. டிசம்பரில் கலியாணம், கோயில் என்று வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகிறோம். போகும்போது காசு மிச்சம் என்று ஹீட்டரையும் நிறுத்துகிறோம். இது வேண்டாம். 12, 13 பாகையில் ஓட விட்டுப் போங்கள், அல்லது வால்வைப் பூட்டிக் குழாய்களை வெறுமையாக்கிவிட்டுப் போங்கள். ஆளில்லாத வீட்டுக்குப் பல காப்புறுதிக் கம்பெனிகள் தனி நிபந்தனை வைத்திருக்கின்றன, படித்துப் பாருங்கள். குழாய் உறைந்துவிட்டால் முதலில் வால்வைப் பூட்டி, திருகைத் திறந்து, திருகுப் பக்கமிருந்து சூட்டுத் துணியாலோ தலைமுடி உலர்த்தியாலோ மெதுவாக இளக்குங்கள். நெருப்பைக் கிட்டவும் கொண்டு போகாதீர்கள்.

அந்த வால்வு அநேகமாகக் குசினி சிங்குக்குக் கீழே இருக்கும். வருடக்கணக்காகத் தொடாமல் இறுகிப் போயிருக்கும். இன்றைக்கே குனிந்து திருகிப் பாருங்கள். முழங்கால் விடாவிட்டால் பேரப் பிள்ளையைக் கூப்பிடுங்கள், அவனும் தெரிந்துகொள்வான்.