பெர்ல் காலத்துப் பாடம்

ஸ்ரீவராகம் கோயில் குளத்துப் பக்கம் வாடகை அறையில் இருந்தபோதுதான் பெர்ல் படித்தேன். 1987-ல் லேரி வால் வெளியிட்ட மொழி. 1993-ல் சிஜிஐ வந்த பிறகு வலைப் படிவங்கள் பலவும் அதில்தான். 500 எரர் வந்தால் அப்பாச்சியின் எரர் லாகைத் திறப்போம். பாதி நேரம் ஃபைலுக்கு எக்ஸிக்யூட் அனுமதி கொடுத்திருக்க மாட்டோம்!

1995-ல் மேட் ரைட் வெளியிட்ட ஃபார்ம்மெயிலை ஊரெல்லாம் இறக்கிப் போட்டார்கள். பெறுநர் முகவரி படிவத்திலேயே இருந்ததால், ஸ்பேம்காரர்கள் அதை மாற்றி யாருக்கு வேண்டுமானாலும் மெயில் அனுப்பினார்கள். நான் போட்டுக் கொடுத்ததும் தப்பவில்லை. வாடிக்கையாளரின் சர்வர் கறுப்புப் பட்டியலில் ஏறியது. அன்று தூங்கவில்லை. பெறுநரை நிரலுக்குள்ளேயே எழுதினேன். டெயின்ட் மோடையும் போட்டேன். வெளியிலிருந்து வந்ததைச் சோதிக்காமல் ஷெல்லுக்கு அனுப்ப அது விடாது.

2015-ல் பெர்ல் 5.22-லிருந்து சிஜிஐ மாட்யூலையே எடுத்துவிட்டார்கள். இங்கே பைத்தான் எழுதும் என் மகளுக்கு நான் சொல்வது இதுதான்: குளத்தில் கால் கழுவிவிட்டுத்தானே கோயிலுக்குள் போவோம்? உள்ளே வரும் தகவலும் அப்படித்தான்.

உங்கள் 500 எரர் கதை என்ன?